பழைய ஃபைபர்கிளாஸ் நாற்காலியைச் செய்தது யார்? கவிழ்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவில் எஸ்டேட் சேல் (ஒரு வீட்டின் சாமான்களை மொத்தமாக விற்பது), பழைய சாமான் கடை, மூடப்பட்ட பள்ளிக்கூடத்தின் ஏலம் என்று எங்கே போனாலும் ஒரு வகை நாற்காலி கண்ணில் படும். உட்காரும் இடமும் முதுகும் ஒரே துண்டாக வளைந்திருக்கும். கீழே மெல்லிய உலோகக் கால்கள். மேற்பரப்பில் முடி முடியாக இழைகள் தெரியும். விலைச் சீட்டில் பெரும்பாலும் "ஈம்ஸ்" என்று எழுதியிருப்பார்கள். இந்த வகை நாற்காலியால் புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியின் பெயர் அது. பல நேரம் அது ஈம்ஸாக இருக்காது. ஈம்ஸாக இருந்தும் விற்பவருக்குத் தெரியாமல் மலிவாகக் கிடக்கும் நாற்காலிகளும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உருவத்தைப் பார்த்து யாருடையது என்று முடிவு செய்யாதீர்கள். 1950களிலும் 60களிலும் இந்த வளைவு எல்லோருக்கும் பிடித்துப்போனது, எல்லோரும் செய்தார்கள். நாற்காலியின் அடையாளம் அதன் அடியில் இருக்கிறது. ஷெல்லும் (இருக்கையும் முதுகும் சேர்ந்த அந்த வளைந்த துண்டு) காலும் எப்படிச் சேர்கின்றன என்ற இடத்தில்தான் ஒரு கம்பெனியின் கையெழுத்து தெரியும். இன்னொன்று, ஷெல்லும் காலும் தனித்தனிப் பொருள்கள். அறுபது எழுபது வருடத்தில் கால் மாறியிருக்கலாம். ஆகவே இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும்.

கதை எங்கே தொடங்குகிறது

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1948-இல் குறைந்த விலை அறைகலன்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டி வைத்தது. சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் தங்கள் குழுவோடு அதில் கலந்துகொண்டார்கள். அவர்கள் அனுப்பியது உலோகத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்த ஷெல். அதை மலிவாகச் செய்ய முடியாது என்று தெரிந்ததும் ஃபைபர்கிளாஸ் பக்கம் திரும்பினார்கள். கலிபோர்னியாவின் கார்டீனாவில் இருந்த ஜெனித் பிளாஸ்டிக்ஸ், இரண்டாம் உலகப் போரின்போது விமான ரேடார்களுக்கு ஃபைபர்கிளாஸ் மூடிகள் செய்த கம்பெனி. அந்த அனுபவத்தை நாற்காலிக்குக் கொண்டுவந்தார்கள். 1950-இல் கை வைத்த நாற்காலி சந்தைக்கு வந்தது, விற்றது ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் கம்பெனி. கை இல்லாத நாற்காலி அடுத்து வந்தது.

(நம் ஊர் வாசகர்களுக்கு இந்தத் தம்பதியை வேறு வழியிலும் தெரிந்திருக்கும். இந்திய அரசு கேட்டு 1958-இல் இவர்கள் எழுதிக் கொடுத்த இந்தியா அறிக்கையை ஒட்டித்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது.)

செய்முறை தெரிந்தால் அடையாளம் காண்பது சுலபம். கண்ணாடி இழைகளை நறுக்கி, ஷெல் வடிவத்தில் படியவைத்து, நிறம் கலந்த ரெசினை (இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவம்) ஊற்றி, மேலும் கீழுமாக இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே சூட்டோடு அழுத்துவார்கள். இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் அச்சு பட்டதால் மேலும் கீழும் வழுவழுப்பாக இருக்கும். நிறம் ரெசினிலேயே கலந்திருப்பதால், ஓரத்தில் சின்னதாக உடைந்த இடத்திலும் அதே நிறம்தான் தெரியும்.

படி 1: ஃபைபர்கிளாஸ்தானா?

ஷெல்லின் பின்னால் கைபேசி டார்ச்சை வைத்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிர் நிற ஷெல் என்றால் வெளிச்சம் ஊடுருவி வரும். இழைகள் ஒழுங்கில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடப்பது தெரியும். கறுப்பு போன்ற அடர் நிறங்களில் வெளிச்சம் வராது. அப்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பைப் பாருங்கள்.

இழையே இல்லாமல் ஒரே சீராக, கொஞ்சம் மெழுகு பூசியது போல இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். முதுகை அழுத்தினால் நன்றாக வளையும். அடியில் நடுவில் பிளாஸ்டிக் உருகி உள்ளே போன சின்ன வட்டத் தழும்பு இருக்கும். பிரிட்டனில் ஹில் கம்பெனிக்காக ராபின் டே 1963-இல் வடிவமைத்த புகழ்பெற்ற நாற்காலி இந்த வகை. ஹெர்மன் மில்லரே ஃபைபர்கிளாஸை 1980களின் இறுதிவாக்கில் சூழல் கேட்டைக் கருதி நிறுத்திவிட்டு, 2000-ஐ ஒட்டி இதே உருவத்தை பாலிப்ரொப்பிலீனில் கொண்டுவந்தது. 2013-இல் புதிய செய்முறையோடு ஃபைபர்கிளாஸும் திரும்பி வந்தது. ஆகவே இழை தெரிந்தால் மட்டும் பழையது என்று அர்த்தமில்லை.

மேலே வழுவழுப்பு, அடியில் சொரசொரப்பு என்றால் அது ஒற்றை அச்சில் கையால் படியவைத்துச் செய்தது. ஈம்ஸ் ஷெல்கள் அப்படி வருவதில்லை. கீறிய இடத்தில் வேறு நிறம் தெரிந்தால் யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அல்லது பெயின்ட் அடித்தே விற்ற வகை அது. அந்த வகையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

படி 2: துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பளபளவென்று கழுவத் தோன்றும். பொறுங்கள். ஆரம்ப கால நாற்காலிகளில் அடையாளம் காகித லேபிளில்தான் இருந்தது. ஈரத்துணி ஒருமுறை பட்டால் போயிற்று. ஒரு போர்வையை விரித்து, நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். அடிப்பகுதி முழுவதும் ஒரு படம், கால் சேரும் நான்கு இடங்களும் தனித்தனியாக, கால் நுனிகள், ஓரம். அப்புறம் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

படி 3: லேபிளும் புடைப்பு எழுத்தும்

ஜெனித் காலத்து ஷெல்களில் சதுரங்கக் கட்டம் போன்ற ஓரம் வைத்த லேபிளைத் தேடுங்கள். அதில் ஜெனித், ஹெர்மன் மில்லர், ஈம்ஸ் பெயர்கள் சேர்ந்து இருக்கும். இது கிடைத்தால் உங்கள் கையில் இருப்பது 1950களின் ஆரம்பத்துப் பொருள். லேபிளைப் பிரித்தெடுக்க முயலாதீர்கள், அது இருக்கும் இடத்தில் இருந்தால்தான் மதிப்பு.

பிறகு வந்த ஷெல்களில் ஹெர்மன் மில்லர் பெயரும் அவர்களின் வளைந்த எம் சின்னமும் அச்சிலேயே புடைப்பாக வந்தன. ஜெனித்தோடு நிற்காமல் சம்மிட், சின்சினாட்டி மிலக்ரான் போன்ற ஆலைகளும் ஹெர்மன் மில்லருக்கு ஷெல் செய்து கொடுத்தன. அதனால் தெரியாத ஒரு சின்னம் கூடவே இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அது ஷெல்லை அழுத்திய ஆலையின் முத்திரையாக இருக்கலாம். ஐரோப்பாவில் வாங்கியதென்றால் விட்ரா என்ற பெயரையும் எதிர்பாருங்கள். வில்லி ஃபெல்பாம் 1957-இல் உரிமம் பெற்று ஐரோப்பாவுக்கு இந்த நாற்காலிகளைச் செய்யத் தொடங்கினார், விட்ரா அந்தக் குடும்பத்தின் கம்பெனி.

எழுத்து தேய்ந்து வாசிக்க முடியவில்லையா? அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து வெளிச்சம் விடுங்கள், நிழலில் எழுத்து எழும்பும். அதற்கும் மசியவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள்.

எழுத்தே இல்லாவிட்டாலும் சோர்ந்துபோக வேண்டாம். காகிதம் உதிர்ந்துபோன ஷெல்கள் ஏராளம். அடுத்த படிதான் எனக்கு எல்லாவற்றையும் விட நம்பகமானது.

படி 4: ரப்பர் வட்டுகள்

ஈம்ஸ் ஷெல்லின் அடியில் நான்கு கறுப்பு ரப்பர் வட்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். ஷாக் மவுண்ட் என்பார்கள். ரப்பருக்குள் மரை போட்ட உலோகத் துண்டு புதைந்திருக்கும். கால் சட்டத்தின் ஸ்க்ரூ கீழிருந்து அதற்குள் போய் முடிந்துவிடும். ஷெல்லைத் துளைத்துக்கொண்டு எதுவும் மேலே வராது. உட்காரும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியாததற்கு இதுதான் காரணம். உட்காருபவர் அசையும்போது ஷெல்லும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதற்கும் இதுவே காரணம். ஒட்டுப்பலகை நாற்காலிகளில் ஈம்ஸ் குழு கையாண்ட அதே உத்தியை இங்கே கொண்டுவந்தார்கள். நாற்காலியில் மிக அழகான பகுதி எது என்று கேட்டால் நான் இந்த வட்டுகளைத்தான் காட்டுவேன்.

வட்டின் அளவையும் கவனியுங்கள். முதல் காலத்துக் கை நாற்காலிகளில் வட்டுகள் பெரியவை, பின்னால் சிறியவை ஆகின. வட்டுகளுக்கு இடையிலான தூரத்திலும் அகலமானது, குறுகலானது என்று இரண்டு வகை உண்டு. எந்தக் கால் எந்த ஷெல்லுக்குப் பொருந்தும் என்பதை இந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது. அளந்து குறித்து வையுங்கள்.

இனி, மேலிருந்து பார்த்தால் நான்கு போல்ட் தலைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு வாய்ப்பு. ஒன்று, வேறு கம்பெனியின் நாற்காலி. இரண்டு, ஈம்ஸ்தான், ஆனால் ரப்பர் காய்ந்து பிய்ந்துபோனதும் யாரோ துளை போட்டு போல்ட் மாட்டிவிட்டார்கள். இது அடிக்கடி நடக்கும். எப்படிப் பிரிப்பது? அடியில் வட்டமான பழைய பசைத் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பசை வட்டத்தின் மேலேயோ பக்கத்திலேயோ துளை போட்டிருந்தால் அது பின்னால் நடந்த வேலை. பசைத் தடம் எங்குமே இல்லை, துளைகள் கச்சிதமாக இருக்கின்றன என்றால் வேறு கம்பெனியைத் தேட வேண்டியதுதான்.

ஒரு வேண்டுகோள். ரப்பர் விட்டுப்போன ஷெல் உங்களிடம் வந்தால் தயவுசெய்து துளை போடாதீர்கள். புது ரப்பர் வட்டுகள் விற்கிறார்கள், எபாக்சி பசையால் ஒட்டிக்கொள்ளலாம். பழைய பசையைச் சுரண்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஃபைபர்கிளாஸ் தூசி தோலில் அரிப்பைக் கொடுக்கும், மூச்சோடு உள்ளே போகவும் கூடாது. உலர்ந்த நிலையில் மணல்தாள் போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம்.

படி 5: ஓரத்தைத் தடவுங்கள்

கண்ணை விடக் கை நன்றாகச் சொல்லும் இடம் இது. ஜெனித்தின் முதல் கை நாற்காலிகளில் ஓரத்துக்குப் பலம் சேர்க்க உள்ளே ஒரு கயிற்றைப் பதித்திருந்தார்கள். விளிம்பை விரலால் தொடர்ந்து தடவிக்கொண்டே போனால் உருண்டையான தடிப்பு தெரியும். சில இடத்தில் கயிற்றின் முறுக்கே ஊடாகத் தெரியும். கயிறு, பெரிய ரப்பர் வட்டு, சதுரங்க லேபிள் மூன்றும் சேர்ந்து கிடைத்தால் அது சேகரிப்பவர்கள் மிகவும் விரும்பித் தேடும் ஆரம்ப காலத்து ஷெல்.

ஷெல்லுக்குத் துணியோ ரெக்சினோ போர்த்தி விற்றதும் உண்டு. துணியை உரித்தெடுத்த ஷெல்களில் மேற்பரப்பில் பசைக் கறையும் நுரைத் துணுக்குகளும் ஒட்டியிருக்கும். அது ஷெல்லின் குறை இல்லை, போர்த்தி விற்ற நாற்காலி என்பதற்கான தடயம்.

படி 6: கால்கள்

ஈம்ஸ் நாற்காலிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. முதல் எழுத்து உயரம் அல்லது பயன்பாடு: டி என்றால் சாப்பாட்டு மேசை உயரம், எல் என்றால் தாழ்வான ஓய்வு நாற்காலி, ஆர் என்றால் ஆடும் நாற்காலி. இரண்டாவது எழுத்து ஏ என்றால் கை உண்டு, எஸ் என்றால் இல்லை. மூன்றாவது காலின் வகை. எக்ஸ் என்பது குறுக்காகச் சேரும் குழாய்க் கால்கள். ஆர் என்பது ஈஃபில் கோபுரம் போன்ற கம்பிப் பின்னல். டபிள்யூ மரக் கால்கள். எஸ் அடுக்கி வைக்கும் வகை, அதில் பக்கத்து நாற்காலியோடு கோத்துவிடும் கொக்கிகளும் பல நேரம் இருக்கும். அரங்குகளிலும் பள்ளிகளிலும் இருந்து வருபவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. ஆகவே டி.ஏ.ஆர். என்று யாராவது எழுதியிருந்தால் கை வைத்த, கம்பிக் கால் போட்ட சாப்பாட்டு மேசை நாற்காலி என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஈஃபில் கால், மரக் கால், ஆடும் கால் ஆகிய மூன்றும் அதிகம் விரும்பப்படுபவை. அதனாலேயே அதிகம் மாற்றப்படுபவையும் இவைதான். பழைய பள்ளிக்கூட ஷெல்லைக் கழற்றிப் புதுக் காலில் மாட்டி விற்பது ஒரு பெரிய வியாபாரம். ஆடும் நாற்காலியில் இன்னும் கவனம் தேவை. ஹெர்மன் மில்லர் அதைப் பொது விற்பனையிலிருந்து 1968-இல் நிறுத்தியது. ஆனாலும் குழந்தை பிறந்த ஊழியர்களுக்குப் பரிசாக 1984 வரை கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று சந்தையில் இத்தனை ஆடும் நாற்காலிகள் இருப்பதற்குப் புதுக் கால்கள்தான் காரணம்.

புதுக் காலை எப்படிக் கண்டுகொள்வது? ஷெல்லில் ஐம்பது வருடக் கீறல், காலில் ஒரு புள்ளி துரு இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றி மரையைப் பாருங்கள். அமெரிக்காவில் செய்தவை அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் மரை என்றால் ஐரோப்பியத் தயாரிப்பா, பின்னால் மாட்டியதா என்று விசாரிக்க வேண்டும். ரப்பரில் பழைய சட்டம் அழுந்திய தடம் இருக்கும். இப்போதைய கால் அந்தத் தடத்தின் மேல் சரியாக உட்காரவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

ஈம்ஸ் இல்லை என்றால் யார்?

அடியில் க்ரூகர் என்ற பெயர் வந்தால் அது விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊரில் 1941-இல் தொடங்கிய கம்பெனி. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏகப்பட்ட ஷெல் நாற்காலிகள் செய்தார்கள். ஈம்ஸ் என்று தவறாக விற்கப்படுபவற்றில் இவை நிறைய. உறுதியானவை, விலையும் கைக்கு அடங்கும். உட்கார நாற்காலி வேண்டும், பெயர் முக்கியமில்லை என்பவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

இருக்கை தனி, முதுகு தனி, நடுவில் இடைவெளி, கால்கள் கீழே போகப் போக மெலிந்து வெளிப்பக்கம் வளைகின்றன என்றால் ஜார்ஜ் நெல்சனின் ஸ்வாக் கால் நாற்காலியைப் பாருங்கள். அதுவும் ஹெர்மன் மில்லர்தான், 1958.

ஒற்றைத் தண்டின் மேல் நிற்கும் வெள்ளை நாற்காலி என்றால் எல்லோரும் துலிப் என்பார்கள். ஏரோ சாரினென் நோல் கம்பெனிக்காக 1957-இல் கொண்டுவந்தது அது. மேலே ஃபைபர்கிளாஸ், கீழே வார்ப்பு அலுமினியம். இரண்டும் ஒரே பொருள் போலத் தெரிவதற்காக மேலே பூச்சு கொடுத்தார்கள். ஆகவே இங்கே இழையைத் தேடிப் பயனில்லை. காலைப் பாருங்கள். சாரினெனின் கால் தரையில் முழு வட்டமாக விரியும். நான்கு இதழாக, விமான விசிறி போலப் பிரிந்தால் அது டெக்சாஸின் டாலஸ் நகரத்து பர்க் கம்பெனியுடையது. 1960களின் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் விண்கலத்தில் இருந்தவை பர்க் நாற்காலிகள்தான். நோல் லேபிள் இருந்தால் முகவரியை வாசியுங்கள். 575 மாடிசன் அவென்யூ பழையது, 320 பார்க் அவென்யூ அதற்குப் பிந்தையது.

காலே இல்லாமல் ஒரே வளைவாகத் தரைவரை இறங்கும் நாற்காலி வெர்னர் பான்டனுடையது, விட்ரா 1967-இல் வெளியிட்டது. முதல் சில மட்டுமே ஃபைபர்கிளாஸ், விரைவிலேயே வேறு பிளாஸ்டிக்குகளுக்கு மாறிவிட்டார்கள். கையில் கிடைப்பது ஃபைபர்கிளாஸ் பதிப்பாக இருக்கும் என்று அவசரப்பட்டு நம்பாதீர்கள்.

கடைசியாக மாடர்னிகா. லாஸ் ஏஞ்சலஸில் 2000-ஐ ஒட்டி, பழைய செய்முறையிலேயே ஃபைபர்கிளாஸ் ஷெல் அழுத்தத் தொடங்கிய கம்பெனி. இழையும் அழகு, தரமும் நல்லது. அதனாலேயே பழையவற்றோடு குழம்பும். அடியில் அவர்கள் பெயர் இருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்தைச் சுரண்டித் தேய்த்திருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

எழுதி வைக்கும்போது

எல்லாம் பார்த்து முடித்ததும் ஒரு சீட்டில் ஷெல்லுக்கு ஒரு வரி, காலுக்கு ஒரு வரி எழுதுங்கள். "ஷெல்: ஹெர்மன் மில்லர், புடைப்பு எழுத்து உண்டு, ரப்பர் வட்டுகள் நான்கும் பழையவை. கால்: ஈஃபில் வகை, பின்னால் மாட்டியது." இப்படி. உறுதியாகத் தெரியாததை "பெயர் இல்லை, போல்ட் போட்ட அமெரிக்க ஷெல்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வட்டுகளுக்கு இடையிலான தூரத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். சீட்டை ஷெல்லில் ஒட்ட வேண்டாம், டேப் பசை கறை பிடிக்கும். நூலில் கட்டி கால் சட்டத்தில் தொங்கவிட்டால் போதும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வாங்குபவரிடம் அந்தச் சீட்டையும் முதல் நாள் எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.